கண் கூசும் வெளிச்சம்: மஞ்சள் கண்ணாடியா, போலரைஸ்டா, ஒரு நல்ல துணியா?

வண்டி ஓட்டுபவர்களை வெளிச்சம் இரண்டு வேளைகளில் படுத்துகிறது. சாயங்காலம் எதிரே இறங்கும் சூரியன் ஒன்று, ராத்திரி ஹை பீமை இறக்காமலே வரும் எதிர் வண்டி இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்துக் கடைகளில் கலர் கண்ணாடிதான் விற்கிறார்கள். ஆனால் பகலில் தேவைக்கு மேல் வெளிச்சம் இருக்கிறது, அதில் கொஞ்சம் வெட்டினால் நஷ்டமில்லை. ராத்திரியில் வெளிச்சமே பற்றாக்குறை. எதிர் வண்டியின் வெளிச்சத்தை வெட்டும் கண்ணாடி, ரோட்டோரம் கறுப்புப் போர்வையோடு நடந்து போகும் ஒருவரிடமிருந்து நம் கண்ணுக்கு வரும் சொற்ப வெளிச்சத்தையும் சேர்த்தே வெட்டும். கடையில் கிடைப்பவற்றை இந்தக் கணக்கை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

சூரியனுக்கு எது?

சேலத்திலிருந்து கோயம்புத்தூர் போகும் சாலை தென்மேற்குப் பார்த்துப் போகிறது. மார்கழி, தை மாதங்களில் சூரியனும் நேர் மேற்கை விட்டுத் தெற்கே தள்ளித்தான் மறைகிறது. அதனால் அவிநாசி தாண்டி கோவையை நெருங்கும்போது, மாலை ஐந்தரை மணிவாக்கில், சூரியன் முன்கண்ணாடிக்கு நேரே வந்து நிற்கும். முன்னால் போகும் லாரியின் பிரேக் லைட் எரிகிறதா இல்லையா என்றே தெரியாது. இந்த மாதிரி இடத்தில் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் காப்பாற்றும் என்றுதான் பலரும் நினைக்கிறோம்.

போலரைஸ்டு லென்ஸ் நல்ல பொருள், சந்தேகமில்லை. தார் ரோடு, தேங்கிய தண்ணீர், முன்னால் போகும் காரின் கூரை ஆகியவற்றில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்கிறது. அந்த அதிர்வைத்தான் இந்த லென்ஸ் தடுக்கிறது. டாஷ்போர்டின் நிழல் முன்கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்து தெரியுமே, அதுவும் நன்றாகக் குறையும். ஆனால் சூரியனிலிருந்து நேராகக் கண்ணில் விழும் ஒளிக்கு அப்படி ஒரு திசை கிடையாது. அதன் முன்னால் போலரைஸ்டு லென்ஸ் வெறும் கறுப்புக் கண்ணாடிதான். இன்னொன்றையும் கடையில் சொல்ல மாட்டார்கள். சூரியன் வானில் 35, 40 டிகிரி உயரத்தில் இருக்கும்போதுதான், அதாவது காலை ஒன்பது மணி, பிற்பகல் மூன்றரை மணி வாக்கில்தான், ஈர ரோட்டில் தெறிக்கும் ஒளியை இந்த லென்ஸ் முழுமையாக அடக்கும். அஸ்தமன நேரத்தில் ரோட்டைத் தடவினாற்போல் வரும் ஒளி தெறிக்கும்போது கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் அதிரும். லென்ஸால் பாதி வேலைதான் செய்ய முடியும்.

ஆகவே பகல் முழுக்க ஓட்டுபவருக்குப் போலரைஸ்டு வாங்கலாம். மாலை ஒரு மணி நேரம் மட்டும்தான் தொந்தரவு என்றால் சாதாரணச் சாம்பல் நிறக் கண்ணாடியே போதும். எதை வாங்கினாலும் கேட்டகரி 3 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். விழும் ஒளியில் 8 முதல் 18 சதவீதம் வரை அது உள்ளே விடும். கேட்டகரி 4 அதைவிட இருட்டு. மலையேற்றத்துக்கும் பனிப் பிரதேசத்துக்கும் செய்தது, வண்டி ஓட்டக் கூடாது. போலரைஸ்டு என்று சொல்லித் தருவது நிஜமா என்று பார்க்க, கடை மேஜையில் இருக்கும் கால்குலேட்டரைக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடியை அதன் திரைக்கு முன்னால் பிடித்து மெதுவாகச் சுழற்றினால் ஏதோ ஒரு கோணத்தில் எண்கள் மறைந்து திரை கறுத்துப் போக வேண்டும். அப்படியே இருந்தால் அது போலரைஸ்டு இல்லை. காரின் சில திரைகளும் இதே காரணத்தால் மங்கித் தெரியலாம், வாங்கும் முன் உங்கள் வண்டியில் உட்கார்ந்து ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

வெயிலில் தானாகக் கறுக்கும் போட்டோகுரோமிக் லென்ஸைக் காருக்காக வாங்க நினைத்தால் வேண்டாம். அது புற ஊதாக் கதிர் பட்டால்தான் கறுக்கும். காரின் முன்கண்ணாடியோ இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, அந்தக் கதிரைப் பெரும்பாலும் உள்ளே விடாது. ரோட்டில் நடக்கும்போது கறுப்பாக இருக்கும் லென்ஸ் காருக்குள் ஏறியதும் ஏறக்குறைய வெள்ளையாகிவிடும்.

நேரே விழும் சூரியனுக்கு மறைப்புதான் சரியான மருந்து. அதில் மூன்று வழி உண்டு: வண்டியில் ஏற்கெனவே இருக்கும் சன் வைசர், அதில் மாட்டித் தொங்கவிடும் பிளாஸ்டிக் தகடு, தலையில் ஒரு தொப்பி. என் ஓட்டு தொப்பிக்கு. முன்னால் நீண்ட விளிம்புள்ள சாதாரணத் தொப்பி, தலை திரும்பும் பக்கமெல்லாம் கூடவே திரும்பும். மோவாயை ஒரு விரல்கடை தாழ்த்தினால் சூரியன் மறையும், ரோடு மறையாது. தொங்கும் தகடு அப்படியில்லை. கிளிப் தளர்ந்து ஆடும், கீறல் விழும், கீறிய பிளாஸ்டிக்கில் வெயில் பட்டால் அதுவே புதுசாகக் கூசத் தொடங்கும். சிக்னல் விளக்கையும் சில சமயம் மறைத்துவிடும்.

சூரியன் அடிவானத்திலிருந்து ஒரு கை உயரத்துக்கு வந்துவிட்டால் எந்த மறைப்பும் எட்டாது. அந்த நேரத்துக்கு என்னிடம் இருக்கும் ஒரே பதில் டீக்கடை. நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய நேர் செங்குத்தாக இறங்குகிறது, மணிக்கு 15 டிகிரி கணக்கில். கடைசி அரை மணி நேரத்தை ஒரு டீயோடு கழித்துவிட்டுக் கிளம்பினால் பிரச்சினை தீர்ந்தது.

கண்ணாடியில் ஒட்டும் சன் பிலிம் பற்றியும் கேட்பார்கள். விதிப்படி முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத ஒளியையும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீத ஒளியையும் உள்ளே விட வேண்டும். 2012-ல் உச்ச நீதிமன்றம் மேலே பிலிம் ஒட்டுவதையே தடுத்தது. பிறகு விதி மாறி, 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் இந்த அளவுக்குள் இருக்கும் பிலிமை அனுமதித்தது. அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் கடைகளில் இப்போது விற்கிறார்கள். சட்டம் எப்படியிருந்தாலும் முன்கண்ணாடியில் ஒட்டுவதை நான் ஏற்க மாட்டேன். பகலில் கிடைக்கும் சுகத்துக்கு ராத்திரியில் விலை கொடுக்க வேண்டியிருக்கும். வெயில் சூடு குறைய பக்கக் கண்ணாடிகளில் அளவோடு ஒட்டுவது வேறு விஷயம்.

முதலில் முன்கண்ணாடி

இதைத் தனியாக எழுதக் காரணம், பகல், ராத்திரி இரண்டு கூச்சத்துக்கும் இதுதான் முதல் சிகிச்சை, செலவும் கிட்டத்தட்ட இல்லை. கண்ணாடியின் வெளிப்பக்கத்தை எல்லோரும் துடைக்கிறோம். உள்பக்கத்தை யாரும் தொடுவதில்லை. வெயிலில் நிற்கும் காரில் டாஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து ஆவியாகும் எண்ணெய்ப் பசை கண்ணாடியின் உள்பக்கம் படிகிறது. அதன் மேல் தூசி ஒட்டுகிறது. பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ராத்திரி எதிர் வண்டி வந்ததும் அந்தப் படலம் முழுக்க ஒளி சிதறி, கண்ணாடியே வெள்ளைத் திரை மாதிரி ஆகிவிடும்.

சந்தேகமாக இருந்தால் இருட்டியதும் ஒரு தெரு விளக்கு எதிரே தெரியும்படி வண்டியை நிறுத்தி உள்ளேயிருந்து பாருங்கள். விளக்கைச் சுற்றிப் புகை மாதிரி வளையமோ, நீளநீளமாகக் கோடுகளோ தெரிந்தால் கண்ணாடி அழுக்கு. துடைக்க இரண்டு மைக்ரோ பைபர் துணி வேண்டும். ஒன்றில் கிளாஸ் கிளீனரைத் தெளித்து (கண்ணாடி மேல் நேராகத் தெளித்தால் டாஷ்போர்டில் வழியும்) துடைத்துவிட்டு, காய்ந்த இன்னொன்றால் உடனே ஒத்தி எடுக்க வேண்டும். உள்பக்கம் மேலிருந்து கீழாகவும் வெளிப்பக்கம் இடமிருந்து வலமாகவும் துடைத்தால், கோடு மிஞ்சும்போது அது எந்தப் பக்கத்துக் கோடு என்று சட்டென்று தெரியும். டாஷ்போர்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் கை போகாது. துணியை ஒரு பழைய ஸ்கேலில் சுற்றி உள்ளே விட்டால் அடிவரை வரும். அங்கேதான் அழுக்கு அதிகம்.

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு கண்ணாடியில் மாதக்கணக்கில் இருப்பதைப் பார்க்கிறேன். பூஜை முடிந்ததும் அதை பானெட்டோடு நிறுத்திக்கொண்டு, டிரைவர் பக்கக் கண்ணாடியில் இருப்பதைத் துடைத்துவிடலாம். பளபளக்கும் சாமி படமும் டாஷ்போர்டு பாலிஷும் கண்ணாடியில் நிழலாகத் தெரியும். படத்தைப் பளபளப்பில்லாத ஒன்றாக மாற்றலாம், பாலிஷை விட்டுவிடலாம். வைப்பரின் ரப்பர் தேய்ந்து கோடு போட்டால் உடனே மாற்றிவிட வேண்டும்.

ராத்திரிக்கு: மஞ்சளா, வெள்ளையா?

நைட் டிரைவிங் கிளாஸ் என்று விற்கும் மஞ்சள் கண்ணாடியைப் போட்டதும் எல்லாம் பளிச்சென்று தெரிவது போல ஒரு உணர்வு வரும். வாங்கியவர்கள் திருப்தியாகச் சொல்வதும் அதனால்தான். பாஸ்டனில் இருக்கும் ஷெப்பன்ஸ் கண் ஆராய்ச்சி நிறுவனத்தில் 22 பேரை டிரைவிங் சிமுலேட்டரில் உட்கார வைத்து, எதிர் ஹெட்லைட் வெளிச்சத்தோடும் இல்லாமலும், ரோட்டில் போகும் ஆளைக் கண்டுகொள்ள எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள். மஞ்சள் கண்ணாடியால் ஒரு நன்மையும் தெரியவில்லை. 2019-ல் ஜாமா ஆப்தல்மாலஜி இதழில் இந்த முடிவு வெளியானது. கணக்கும் அதைத்தான் சொல்கிறது. முன்கண்ணாடி 75 சதவீத ஒளியை விடுகிறது, மஞ்சள் லென்ஸ் 80 சதவீதம் விடுகிறது என்று வைத்துக்கொண்டால் கண்ணுக்கு வந்து சேர்வது 60 சதவீதம்தான். அந்தப் போர்வை ஆள் இன்னும் இருட்டில் போய்விடுகிறார். வைசரில் தொங்கவிடும் மஞ்சள் தகட்டுக்கும் இதே தீர்ப்பு.

இதற்கு எதிரே வைக்க வேண்டியது, பவர் போட்ட வெள்ளைக் கண்ணாடியில் ஆன்டி ரிப்ளெக்ஷன் கோட்டிங். கடைகளில் ஏஆர்சி என்பார்கள். கோட்டிங் இல்லாத சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ் ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அடிக்கிறது. அப்படி உள்ளுக்குள்ளேயே தெறிக்கும் ஒளிதான் ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் பேய் மாதிரி இன்னொரு விளக்காகத் தெரிகிறது. நல்ல கோட்டிங் போட்டால் 99 சதவீதம் வரை ஒளி உள்ளே வரும். கூச்சம் குறையும், வெளிச்சமும் கூடும். இரண்டையும் சேர்த்துத் தரும் பொருள் கடையில் இது ஒன்றுதான். மஞ்சள் கண்ணாடியைவிடக் கூடுதலாகச் செலவாகும், கொடுக்கலாம். கூடவே ப்ளூ கட் (நீல ஒளியைக் குறைப்பது) வேண்டுமா என்று கேட்பார்கள், இந்த வேலைக்கு அது தேவையில்லை. பவர் சரியில்லாவிட்டாலும், குறிப்பாக சிலிண்டர் பவர் (ஒரு திசையில் மட்டும் வேண்டியிருக்கும் பவர்) விடுபட்டிருந்தாலும், விளக்குகள் கோடுகோடாக நீளும். அதனால் பவர் டெஸ்ட் முதலில், கோட்டிங் அப்புறம்.

பின்னால் வரும் வண்டியின் வெளிச்சத்துக்கு, உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியின் அடியில் இருக்கும் குட்டி நெம்புகோலே போதும். அதைத் தட்டினால் கண்ணாடியின் கோணம் மாறி, வெள்ளிப் பூச்சுக்குப் பதில் முன்பரப்பில் தெரியும் மங்கலான பிம்பம் மட்டும் கண்ணுக்கு வரும். தானாக மங்கும் கண்ணாடி வசதிதான், ஆனால் அதற்காகவே மேல் வேரியன்ட் வாங்க வேண்டியதில்லை.

எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்கிறார் என்று நாமும் எல்இடி பல்பு மாற்றுவது தீர்வில்லை. ஹாலஜன் பல்புக்காகச் செய்த ரிப்ளெக்டரில் எல்இடி பல்பைப் போட்டால் ஒளி புறப்படும் இடம் மாறி, லோ பீமிலும் வெளிச்சம் மேலே சிதறும். நம் முன்னால் பத்தடி பளபளவென்று தெரியும், எதிரே வருபவருக்கு எதுவும் தெரியாது. பின்சீட்டிலும் டிக்கியிலும் பாரம் ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து பீம் மேலே ஏறும். பல கார்களில் ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட உருளை இதற்காகவே இருக்கிறது. எண் கூடக்கூட பீம் இறங்கும். கோவில் பயணம் கிளம்பும் குடும்பங்களில் எத்தனை பேர் இதைத் தொடுகிறோம்?

எதிர் வண்டி டிம் பண்ணவில்லை என்றால் ஒரு தடவை டிப் அடித்துக் காட்டிவிட்டு, பார்வையை இடது ஓர வெள்ளைக் கோட்டுக்கு மாற்றி வேகத்தைக் குறைக்க வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் இருண்டால் வண்டி ஏறக்குறைய 67 மீட்டர் போய்விடுகிறது. பாதையைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதை யோசிக்கலாம். நான்குவழிச் சாலையின் நடுவில் வளர்த்திருக்கும் அரளிச் செடி எதிர் வெளிச்சத்தை மறைக்கிறது. ராத்திரியில் இருபது கிலோமீட்டர் மிச்சம் என்று இருவழிச் சாலையில் திரும்புவதைவிட அரளி ஓரமாகப் போவதே எனக்குப் பிடிக்கும்.

பைக் ஓட்டுபவர்களுக்கு ஹெல்மெட் வைசர்தான் முன்கண்ணாடி. கீறல் விழுந்த வைசரில் ஒவ்வொரு கீறலும் ஒரு கோடு வெளிச்சம். சில நூறு ரூபாயில் புது வைசர் கிடைக்கும். கறுப்பு வைசர் பகலோடு சரி.

இவ்வளவும் செய்த பிறகும், போன வருஷத்தைவிட இந்த வருஷம் ஹெட்லைட் அதிகமாகக் கூசுகிறது, விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்று வீட்டில் அப்பாவோ மாமாவோ சொன்னால், அவருக்குக் கண்ணாடி தேடிக் கடைக்குப் போகாதீர்கள். கண்புரை ஆரம்பிக்கும்போது பலருக்கு முதலில் தெரிவது இதுதான், அது மஞ்சளிலும் தீராது, கோட்டிங்கிலும் தீராது. கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்ப்பார்கள். அதன் பிறகு சில மணி நேரத்துக்கு எல்லா வெளிச்சமும் கூசும், திரும்பி வரும்போது வண்டியை நீங்கள் ஓட்டுங்கள்.