கரையும் சவ்வுகள்: பெட்டி சொல்லும் வாரமும் திசு கொடுக்கும் வாரமும்

தாடை எலும்பை மீண்டும் வளர்க்கப் போடும் கரையும் சவ்வின் பெட்டியை எடுத்தால் முதலில் கண்ணில் படுவது வாரக் கணக்கு. ஒன்றில் 8 வாரம், இன்னொன்றில் 18 வாரம், வேறொன்றில் 6 மாதம். எண் பெரிதாக இருந்தால் சரக்கு நல்லது என்று எடுத்துக்கொள்கிறவர்கள் அதிகம். அந்த எண் மூடிய காயத்துக்கானது என்பதை மறந்துவிடுகிறோம். தையல் விட்டு, எச்சிலும் கிருமியும் உள்ளே போனால் 18 வாரம் என்று எழுதியது 3 வாரத்தில் கூழாகிவிடும். அதனால் இங்கே சவ்வுகளை எடைபோட எடுத்துக்கொண்ட அளவுகோல் வேறு: உடல் திசு அதை எப்படி ஏற்கிறது, எதனால் கரைக்கிறது, கரைக்கும்போது சுற்றுப்புறத்துக்கு என்ன ஆகிறது.

சவ்வின் வேலை எளிமையானது. ஈறின் மேல்தோல் செல்களும் நார்த்திசுவும் வேகமாக ஓடிவரும். எலும்பு செல்கள் நிதானமாக வரும். நடுவில் தடுப்பு இல்லாவிட்டால் முந்தி வந்தவர் இடம்பிடித்துக்கொள்வார், குழி முழுக்க நார்த்திசு. 1982-இல் நைமன் குழுவினர் ஒரு வடிகட்டித் தாளை வைத்துப் பல்லைச் சுற்றி இதைச் செய்துகாட்டினார்கள். 1988-இல் டாலின் குழுவினர் எலியின் தாடையில் டெஃப்லான் சவ்வு வைத்து எலும்புக்கும் அதே விதி பொருந்தும் என்று காட்டினார்கள். டெஃப்லான் தானாகப் போகாது. எடுக்க இன்னொரு முறை கீறவேண்டும். கரையும் சவ்வுக்கு மவுசு வந்தது அதனால்தான்.

முதலில் இயல்புக் கொலாஜன் (தோலுக்கும் எலும்புக்கும் வலுத் தரும் நார்ப் புரதம்). பன்றித் தோலிலிருந்தோ மாட்டுத் தசைநாணிலிருந்தோ எடுத்துச் சுத்தம் செய்து, வேதிப் பிணைப்பு எதுவும் சேர்க்காமல் விடுவது. பயோ-கைடு இந்த வகைக்கு நல்ல உதாரணம்: முதல் வகை, மூன்றாம் வகைக் கொலாஜன், இரண்டு அடுக்கு. வழவழப்பான பக்கம் ஈறை நோக்கி, சொரசொரப்பான பக்கம் எலும்பை நோக்கி. பக்கம் தெரிவதற்காக வழவழப்பான முகத்தில் எழுத்து அச்சிட்டிருக்கும். ரத்தத்தில் நனைந்த பிறகு அந்த எழுத்தைத் தேடுவது வீண்வேலை. உலர்ந்திருக்கும்போதே பார்த்து ஒரு மூலையைச் சிறிதாக வெட்டி அடையாளம் வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே வைத்ததும் நடப்பது இப்படி. சில நிமிடத்தில் ரத்தத்தை உறிஞ்சி எலும்பின் மேல் படிந்துகொள்கிறது. இழைகளுக்கிடையே ரத்தத்தை உறையவைக்கும் புரதமான ஃபைப்ரின் உறைகிறது. முதல் இரண்டு மூன்று நாள் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்களின் ஆட்சி, பிறகு மேக்ரோபேஜ் என்னும் விழுங்கு செல்கள். இரண்டும் கொண்டுவரும் கொலாஜனேஸ் நொதிகள்தான் கத்தரிக்கோல். மூன்று இழை முறுக்கிய முப்புரிக் கொலாஜனை அவை ஒரே ஓர் இடத்தில் வெட்டுகின்றன: முக்கால் நீளம் ஒன்று, கால் நீளம் ஒன்று. வெட்டுப்பட்ட துண்டு உடல் சூட்டில் புரி அவிழ்ந்து ஜெலட்டினாகிறது. ஜெலட்டினேஸ்களும் பிற நொதிகளும் அதை அமினோ அமிலம் வரை பொடியாக்கிவிடுகின்றன. உடலுக்கு இது பழகிய வேலை. தன் கொலாஜனையே தினமும் இப்படித்தான் பிரித்துக் கட்டுகிறது. ஆகவே இயல்புக் கொலாஜனைச் சுற்றி அழற்சி குறைவு, நார்க்கூடு எழுவதும் அரிது.

இதைவிட முக்கியமான ஒன்று ரத்தக்குழாய். எலியின் தோலடியில் வைத்துப் பார்த்த ஆய்வுகளில், இயல்புக் கொலாஜனின் குறுக்கே இரண்டே வாரத்தில் குழாய்கள் ஊடுருவியிருந்தன. 4 வாரத்தில் சவ்வின் பெரும்பகுதி போயிருந்தது. விற்பனையாளர் அந்த இரண்டாவது பாதியைச் சொல்லமாட்டார், போட்டியாளர் முதல் பாதியைச் சொல்லமாட்டார். இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும். குழாய் வந்தால் மேலே உள்ள ஈறு பிழைக்கும், தையல் விடும் அபாயம் குறையும். சவ்வுக்குள் குடியேறும் செல்கள் பிஎம்பி-2, எஃப்ஜிஎஃப்-2 போன்ற வளர்ச்சிக் காரணிகளை வெளியிடுவதும் விலங்கு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சும்மா நிற்கும் சுவர் என்று சவ்வைப் பார்ப்பது பழைய பார்வை.

இதன் பலவீனத்தையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும்: நனைந்தால் முதுகெலும்பே இல்லை. ஈறின் அழுத்தத்தில் குழிக்குள் தொய்ந்து விழும். அதனால் கீழே எலும்புத் துகள் கட்டாயம், 0.25 முதல் 1 மி.மீ. வரையுள்ள சிறு துகள் போதும். நான்கு பக்கமும் சுவர் உள்ள குழி என்றால் இதுவே போதுமானது. ஒரு பக்கச் சுவர் மட்டும் உள்ள இடத்தில் அகலம் சேர்க்க வேண்டுமென்றால் சவ்வின் ஓரங்களை டைட்டானியம் ஊசிகளால் அடித்து, தோலை இழுத்துக் கட்டிய மத்தளம்போல விறைப்பாக்கித் துகளை அசையாமல் பிடிக்கவேண்டும். உயரம் சேர்க்கும் வேலைக்கு இதை மட்டும் நம்பினால் கைவிட்டுவிடும். அங்கே டைட்டானியம் கம்பி உள்ள கரையாத சவ்வுதான் இன்றும் மேல்.

வெட்டும் முறையில்தான் பாதி வெற்றி. தையல் நூல் பாக்கெட்டின் உள்உறையை மலட்டுத்தன்மை கெடாமல் வெட்டி மாதிரி எடுத்து, அதை வைத்துச் சவ்வை உலர்ந்த நிலையிலேயே வெட்டவேண்டும். குழியின் விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் 2 முதல் 3 மி.மீ. நல்ல எலும்பின் மேல் படியவேண்டும். பக்கத்துப் பல்லிலிருந்து 1 முதல் 1.5 மி.மீ. தள்ளி நிற்கவேண்டும், பல்லைத் தொட்டால் அந்த இடுக்கு வழியே கிருமி இறங்கும். கூர்மூலைகளை வட்டமாக்கிவிடலாம். உப்புநீரில் முன்கூட்டி ஊறவைக்கும் பழக்கம் இந்த வகைக்குத் தேவையில்லை. உலர்ந்ததை வைத்தால் காயத்தின் ரத்தமே நனைத்து ஒட்டவைக்கும். ஊறியதை வைத்தால் வழுக்கும், மடிந்தால் பிரிக்க வராது. விறைப்பான பிணைப்புச் சவ்வுகளில் சிலவற்றை மட்டும் நனைத்தே வைக்கவேண்டும். அந்தந்தத் தாளில் எழுதியிருக்கும் நிமிடக் கணக்கைப் பின்பற்றவும்.

ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சவ்வு போடுவது நல்ல உத்தி. மேல் அடுக்கு கரைந்துகொண்டிருக்கும்போது கீழ் அடுக்கு காக்கும். செலவு இரட்டிப்பு, ஆனாலும் பெரிய குழிகளில் அடுத்து வரும் வகையைவிட இதையே பரிந்துரைக்கலாம்.

அடுத்தது பிணைப்பு ஏற்றிய கொலாஜன். குளூட்டரால்டிஹைடு போன்ற வேதிப்பொருளாலோ ரைபோஸ் என்னும் சர்க்கரையாலோ இழைகளுக்கிடையே கூடுதல் பாலம் போடுகிறார்கள். நொதிக்கு வெட்டும் இடம் சிக்காது, நாள் கூடும். பயோமெண்ட் எக்ஸ்டெண்ட் முதல் முறையைச் சேர்ந்தது, ஆசிக்ஸ் பிளஸ் இரண்டாவது. கிடைக்கும் நாளுக்கு விலை உண்டு: பாலம் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு தாமதமாக ரத்தக்குழாய் நுழையும். பல மாதிரிகளில் ஓரத்தில் அயற்பொருள் ராட்சத செல்கள் வரிசைகட்டி நிற்பதைப் பார்க்கலாம். அது உடல் சந்தேகப்படுவதன் அடையாளம். ஆல்டிஹைடு மிச்சம் இருந்தால் எலும்பு செல்கள் ஒட்டத் தயங்கும். சில ஒப்பீட்டு ஆய்வுகளில் ஈறு விட்டுச் சவ்வு வெளியே தெரிவதும் இந்த வகையில் கூடுதலாக இருந்தது. நியாயமாக, ரைபோஸ் வகையை இந்தக் குறையிலிருந்து ஓரளவு விலக்கிவைக்கவேண்டும்: ஆல்டிஹைடு இல்லை, வெளியே தெரிந்தாலும் கிருமியின் கொலாஜனேஸைக் கொஞ்சம் தாங்குகிறது, சில நேரம் கரையாமல் எலும்பாகவே இறுகிவிடுகிறது.

பாலிலாக்டிக், பாலிகிளைகாலிக் அமிலச் சவ்வுகள் வேறு ரகம். இவற்றைக் கரைப்பது நொதியல்ல, வெறும் தண்ணீர். எஸ்டர் பிணைப்பை நீர் பிளக்க, லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் கசியும். கடைசியில் கரியமில வாயுவாகவும் நீராகவும் போய்விடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தடித்த தகட்டின் நடுவில் பிறந்த அமிலம் வெளியேற வழியில்லாமல் தேங்கும். அமிலமே பிளவைத் துரிதப்படுத்தும் என்பதால் உள்ளே வேகமாக உருகி, ஒருநாள் ஓடு உடைந்து மொத்தமும் கொட்டும். ஆறு வாரமோ சில மாதமோ கழித்து, கிருமியே இல்லாமல் ஈறு சிவந்து வீங்குவதன் காரணம் இதுதான். அந்த வீக்கத்தைத் தொற்று என்று நினைத்து ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பயனில்லை. இரண்டு அமிலமும் சரிபாதி கலந்தால் வேகமாகக் கரையும், லாக்டைடு கூடக் கூட நிதானம். விறைப்பு என்ற ஒரே விஷயத்தில் கொலாஜனை இவை வெல்கின்றன. விலங்குப் பொருளே வேண்டாம் என்பவர்களுக்கும் இவை ஒரு வழி.

மற்றவற்றைச் சுருக்கமாக. பன்றி இதய உறையிலிருந்து வரும் சவ்வு மெல்லியது, கிழியாதது, வளைவுகளில் அழகாகப் படியும், நம்பலாம். மக்னீசியம் சவ்வு விறைப்பானது. அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பி ஈறுக்கடியில் குமிழ் கட்டும், தானாக அடங்கும். ஓரத்தைச் சீவாமல் வைத்தால் ஈறைக் கிழிக்கும். நீண்டகால அனுபவம் குறைவு, அவசரப்பட வேண்டாம். நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுக்கும் பிஆர்எஃப் (தட்டணு செறிந்த ஃபைப்ரின்) தகடு ஓரிரு வாரத்தில் காணாமல் போகும். காயத்துக்கு நல்ல கட்டு, ஆனால் தடுப்புச் சவ்வு என்று அதை விற்பது சரியில்லை.

எந்த வகையாக இருந்தாலும் தோல்வி பெரும்பாலும் ஒரே வாசல் வழியாக வருகிறது: முதல் இரண்டு வாரத்தில் ஈறு விட்டுப்போவது. காரணம் இழுவிசை. துகளைத் தேவைக்கு மேல் குவித்துவிட்டு ஈறை இழுத்துத் தைத்தால் ஓரத்தில் ரத்த ஓட்டம் நின்று வெளுக்கும்; ஐந்தாம் நாள் சாம்பல் நிறம், பத்தாம் நாள் ஓட்டை. எலும்புறையை உள்பக்கமிருந்து புதிய பிளேடால் ஒரே கோடாக, 1 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் கீறினால் மடல் (எலும்பிலிருந்து பிரித்துத் தூக்கிய ஈறு) தளரும். கீழ்த்தாடையில் கடைவாய் முன்பற்களுக்குக் கீழே முகவாய் நரம்பு வெளிவருகிறது, அங்கே கீறல் கோட்டை மேலேற்றி வளைக்கவேண்டும். தைப்பதற்கு முன் ஒரு சோதனை: இடுக்கியால் மடலைத் தூக்கி விட்டால் எதிர் ஓரத்தைத் தாண்டி 3 முதல் 5 மி.மீ. சும்மா படுத்திருக்கவேண்டும். படுக்காவிட்டால் இன்னும் தளர்த்துங்கள். நூலைக்கொண்டு சாதிக்கப் பார்க்காதீர்கள். ஓரத்திலிருந்து 3, 4 மி.மீ. தள்ளிப் படுக்கைவாட்டத் தையல், அதன் மேல் தனித்தனித் தையல். கிருமியை உறிஞ்சாத ஒற்றையிழை நூல், 10 முதல் 14 நாள். கழற்றி மாட்டும் பல்செட் அந்த இடத்தில் அழுத்தினால் முதல் இரண்டு மூன்று வாரம் போடக்கூடாது.

ஈறு விட்டுவிட்டால்? கொலாஜனாக இருந்து சீழ் இல்லையென்றால் எடுக்கவேண்டாம், மறுபடி தைக்கவும் வேண்டாம். வீங்கிய ஓரம் நூலைப் பிடிக்காது, இன்னும் கிழியும். 0.12 அல்லது 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் தினம் இருமுறை, அந்த இடத்தில் பிரஷ் படாமல். பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் மேல்தோல் மூடிக்கொள்ளும். எலும்பின் அளவில் கொஞ்சம் இழப்பு வரும், அதை முதலிலேயே நோயாளியிடம் சொல்லிவைப்பது நல்லது. சீழ் வந்தால் தயங்காமல் சவ்வையும் தளர்ந்த துகளையும் எடுத்துவிடவேண்டும்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களிடம் வாரக் கணக்கை இன்னும் நம்பக்கூடாது. நீரிழிவு ஏற்படுத்திய எலிகளில் அதே கொலாஜன் கணிசமாக வேகமாகக் கரைந்தது. டெட்ராசைக்ளினில் ஊறவைத்த சவ்வு அந்த வேகத்தைக் குறைத்ததும் எலியில்தான் தெரிந்தது. இந்த மருந்துக் குடும்பம் கொலாஜனேஸை முடக்கும் என்பது காரணம். புகை பிடிப்பவர்களிடம் சிக்கல் சவ்வில் இல்லை, அதன் மேல் இருக்கும் ஈறில்.

ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்க்கும்போது சவ்வு தன் மதிப்பெண்ணைத் தானே போட்டிருக்கும். எலும்பின் மேல் ஒரு மி.மீ.க்கும் குறைவான மெல்லிய திசுப்படலம், அடியில் கீறினால் ரத்தம் கசியும் உறுதியான எலும்பு என்றால் வேலை முடிந்தது. படலம் தடித்து, மேல்வரிசைத் துகள்கள் கரண்டியில் உதிர்ந்து வந்தால் சவ்வு முன்கூட்டிக் கரைந்திருக்கிறது அல்லது துகள் அசைந்திருக்கிறது. இரண்டாவதே அடிக்கடி நடப்பது. அடுத்த முறை நீண்ட நாள் சவ்வைத் தேடுவதைவிட நான்கு ஊசி கூடுதலாக அடிப்பது பலன் தரும்.

வாங்குமுன் பார்க்கவேண்டியவை இரண்டு. பன்றியா, மாடா என்பது பெட்டியில் எழுதியிருக்கும். மத நம்பிக்கையாலோ கொள்கையாலோ மறுப்பவர்கள் உண்டு, மேசையில் படுக்கவைக்கும் முன்பே கேட்டு எழுதி வாங்கவேண்டும். இன்னொன்று அளவு: சிறியதை வாங்கி ஒட்டுப்போடுவதைவிடப் பெரியதை வாங்கி வெட்டுவது மேல். வெட்டிய மிச்சத்தை ஆட்டோகிளேவில் போட்டு எடுத்துவைக்கும் சிக்கனம் மட்டும் கூடாது. ஈரக் கொலாஜன் 60 டிகிரிக்கு அருகிலேயே சுருங்கிப் புரி அவிழ்ந்துவிடும்; 121 டிகிரியிலிருந்து வெளியே வருவது சவ்வு அல்ல, ஜெலட்டின்.