நாகர்கோவில் பக்கம் ‘நட்ஸ் பேக்கேஜ்’ எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

நட்ஸ் சாப்பிட்டே எடையைக் குறைக்கலாம் என்று சொல்லி டப்பா டப்பாவாகத் தலையில் கட்டுகிற மையம் ஒன்றில் 14,500 ரூபாய் கட்டி ஏமாந்திருக்கிறேன். நாகர்கோவிலில்தான். புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. நாளைக்கே போர்டை மாற்றிவிட்டு மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ கடை விரிக்கலாம், அதனால் பெயரைவிட வித்தையைத் தெரிந்துகொள்வது நல்லது.

மூட்டுவலிக்குப் பார்க்கும் டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லியிருந்தார். மையத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் என்னைச் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மெஷினில் ஏறி நிற்கச் சொன்னார். அது துப்பிய சீட்டில் உடம்பில் கொழுப்பு 41 சதவீதம் என்று இருந்தது. “இப்படியே விட்டா ரெண்டு முட்டியும் போயிடும் அக்கா” என்றார். பயந்தவள் கையில் உடனே பேக்கேஜ் விலைப்பட்டியல். அவர் டாக்டரும் இல்லை, உணவியல் படித்தவரும் இல்லை என்பது பிறகு விசாரித்ததில் தெரிந்தது.

அந்த மெஷின் உடம்புக்குள் மிகச் சின்ன அளவில் மின்சாரம் செலுத்தி, அதற்கு எவ்வளவு தடை வருகிறது என்று பார்த்துக் கொழுப்பைக் கணக்குப் போடுகிறது. தண்ணீர் குடித்தால், சாப்பிட்டால், வியர்த்தால் கணக்கு மாறும். சில வாரம் கழித்து என் எடை கூடியிருந்தபோது இதே சீட்டை நீட்டி, “வெயிட் ஏறினது தசை அக்கா, கொழுப்பு குறைஞ்சிருக்கு பாருங்க” என்று சொன்னார்கள். உடற்பயிற்சி என்று ஒன்றும் செய்யாத எனக்கு எங்கிருந்து தசை வரும்?

எடை ஏன் ஏறியது என்பதற்கு அவர்கள் தந்த உணவுத்திட்டமே பதில். தேங்காய் எண்ணெய் கூடாது, துருவிய தேங்காய் கூடாது, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) கூடாது. மதியச் சோறு பாதி. அதற்குப் பதில் காலையில் ஒரு கை நட்ஸ், பதினொரு மணிக்கு ஒரு கை, சாயங்காலம் ஒரு கை, இரவில் பாலில் நட்ஸ் பவுடர். பசித்தால் கூடவும் எடுத்துக்கொள்ளலாமாம். “நட்ஸ்ல இருக்கிறது நல்ல கொழுப்பு, உடம்புல ஒட்டாது.”

இந்த ஒரு வரியை வைத்துத்தான் மொத்த வியாபாரமும். நல்ல கொழுப்பு என்று சொல்வது இதயத்தையும் இரத்தக் கொழுப்பையும் வைத்து. கலோரிக் கணக்கில் நல்லது கெட்டது கிடையாது. தேங்காய் எண்ணெயாக இருந்தாலும் பாதாமாக இருந்தாலும் ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி. முந்திரி, பாதாம், வால்நட் கலந்த கலவையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 600 கலோரி வரும். மூன்று கை என்றால் சுமார் 90 கிராம், 540 கலோரி. ஒரு கப் சோற்றில் 200 கலோரிதான். அரைக் கப் சோற்றைப் பிடுங்கிக்கொண்டு இரண்டரைக் கப்புக்கு மேல் திருப்பித் தந்திருக்கிறார்கள், காசும் வாங்கிக்கொண்டு.

அவர்களுடைய நோட்டீஸில் ‘ஸ்பெயின் ஆராய்ச்சி’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. ப்ரெடிமெட் என்ற ஆய்வைத்தான் சொல்கிறார்கள். அது எடையைக் குறைப்பதற்கான ஆய்வே இல்லை, மாரடைப்பு, பக்கவாதம் பற்றியது. அதிலும் ஆட்களுக்குக் கொடுத்த நட்ஸ் நாளொன்றுக்கு 30 கிராம், பாதி வால்நட். நோட்டீஸில் அந்த அளவை மட்டும் காணோம்.

நட்ஸ் மேல் பழி போடவில்லை. அளவாகத் தின்றால் அது எடையை ஏற்றுவதில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. பசி அடங்குகிறது, வேறு தீனி குறைகிறது. இன்னொரு காரணமும் உண்டு. முழுப் பாதாமை எவ்வளவு மென்றாலும் அதன் செல்சுவர்களுக்குள் இருக்கும் எண்ணெயில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியே போய்விடுகிறது. அமெரிக்க வேளாண் துறை ஆராய்ச்சியாளர்கள் 2012இல் அளந்து பார்த்ததில், 28 கிராம் பாதாமிலிருந்து உடம்புக்குக் கிடைத்தது 129 கலோரி. வழக்கமான கணக்குப்படி 170 வர வேண்டியது. ஆனால் பாதாமை விழுதாக அரைத்துவிட்டால் இந்தச் சலுகை இல்லை, முழுக் கலோரியும் சேர்ந்துவிடும் என்று 2016இல் இன்னொரு ஆய்வு காட்டியது. அப்படியிருக்க எடை குறைக்க வந்தவளுக்குப் பவுடர் எதற்கு?

அந்தப் பவுடர் கதை தனி. டப்பாமேல் மையத்தின் பெயர் போட்ட பச்சை ஸ்டிக்கர். ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்க, வெந்நீர்த் துணியை வைத்து ஊறவிட்டு உரித்தேன். அடியில் வேறொரு கம்பெனி லேபிள். முதலில் சர்க்கரை, அப்புறம் பால் திடப்பொருள், அப்புறம் மால்டோடெக்ஸ்ட்ரின். பாதாம் 6 சதவீதம். எது எடையில் அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் போட வேண்டும் என்பது சட்டம். மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது மாவுச்சத்திலிருந்து எடுப்பது, சர்க்கரைக்கு இளைத்ததில்லை. என்னிடம் 900 ரூபாய்க்கு விற்ற டப்பாவில் அச்சடித்த விலை 410.

நட்ஸ் டப்பாவில் அந்த லேபிள்கூட இல்லை. ‘நேச்சுரல், ட்ரை ரோஸ்ட், முந்திரி 240’ என்று மட்டும் இருந்தது. பொட்டலம் போட்டு விற்கும் உணவில் தயாரிப்பாளர் முகவரி, பொருள் பட்டியல், தேதி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவு பாதுகாப்பு ஆணைய) உரிம எண் எல்லாம் இருக்க வேண்டும். ஒன்றும் கிடையாது.

உள்ளே இருந்த ஏமாற்றைப் பார்த்ததும் கண்டுபிடித்தது என் சித்தி. கருங்கல் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வருஷக்கணக்காகத் தொலி உரித்தவர், தோட்டெண்ணெய்க் கறை இன்னும் விரலில் இருக்கிறது. டப்பாவை முறத்தில் கவிழ்த்து, பேச்சோடு பேச்சாக முழுப்பருப்பு ஒரு பக்கம், பிளவு ஒரு பக்கம், குருணை ஒரு பக்கம் என்று ஒதுக்கிவிட்டார். முழுப்பருப்புக் குவியல்தான் சின்னது. “மக்கா, இதையா 240ன்னு தந்தான்? நம்ம ஊர்ல வந்து அண்டிப்பருப்பு விக்கதுக்கு அவனுக்கு என்ன தைரியம்!” 240 என்றால் ஒரு பவுண்டில் 240 முழுப்பருப்புக்கு மேல் இருக்கக் கூடாது. வீட்டில் தராசு இருந்தால் 100 கிராம் போட்டு எண்ணுங்கள், 53க்கு உள்ளே இருக்க வேண்டும். 70 வந்தால் அது 320 ரகம், விலை குறைந்தது. உடைந்தது அதைவிடக் குறைவு. தின்பதற்கு உடைந்ததும் நல்லதுதான், முழுப்பருப்பு விலைக்கு விற்பதுதான் மோசடி.

சித்தி ஒரு வால்நட்டைக் கடித்துத் துப்பினார். சிக்கு வாடை. வால்நட் எண்ணெய் சீக்கிரம் கெடுகிற வகை. நம்ம ஊர் ஈரக்காற்றில், வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் வைத்தால் வேறென்ன ஆகும்? ‘ட்ரை ரோஸ்ட்’ முந்திரியோ எண்ணெயில் பொரித்து உப்புத் தூவியது, முறத்தில் எண்ணெய் வட்டம் வட்டமாக நின்றது. தேங்காய் எண்ணெய் விஷம் என்று சொன்னவர்கள் பொரித்ததைக் கொடுத்தார்கள்.

தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்புதான், அளவோடு இருக்க வேண்டும் என்பதில் சண்டை இல்லை. ஆனால் தீயலையும் அவியலையும் விட்டுவிடச் சொல்லும் ஆள் அந்த இடத்தில் எதை விற்கிறார் என்று பாருங்கள். உண்மையில் நட்ஸ்தான் வேண்டுமென்றால் கப்பலண்டி (நிலக்கடலை) போதுமே. 100 கிராமில் புரதம் பாதாமில் சுமார் 21 கிராம், முந்திரியில் 18, கப்பலண்டியில் 25. விலையோ பாதாமின் பக்கத்தில் வராது. இப்போது நான் சாயங்காலப் பழம்பொரிக்குப் பதிலாக ஒரு சின்னக் கை வறுத்த கப்பலண்டி எடுத்துக்கொள்கிறேன். பதிலாக, கூடுதலாக அல்ல.

பணம் திருப்பிக் கேட்டதற்கு, படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தைக் காட்டினார்கள். பில் கேட்டால் “பணம் அனுப்ப ஸ்கேன் பண்ணினதே பில்தானே அக்கா” என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிந்தேன். லேபிள் விஷயத்தை மாவட்ட உணவு பாதுகாப்பு அலுவலகத்தில் டப்பாவோடு கொடுத்தேன். அடுத்தது நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமும் இல்லை.

இதேபோல் எங்காவது பணம் கட்டியவர்கள் டப்பாவைத் தூக்கி எறிய வேண்டாம். ஸ்டிக்கரை உரிக்கும் முன் ஒரு போட்டோ, உரித்த பின் ஒரு போட்டோ, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் டயட் சார்ட். என்னிடம் அலுவலகத்தில் கேட்டதும் இவற்றைத்தான்.