அம்பாசடரின் 90 கிலோமீட்டர் அதிர்வும் கஞ்சிக்கோட்டுப் பட்டறையும்

கொழிஞ்சாம்பாறையில் நான் வைத்திருக்கும் 1978-ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 3 காரில், பழைய 1,489 சிசி எஞ்சினை இறக்கிவிட்டு இசுசுவின் 1,817 சிசி எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் ஏற்றி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பழைய எஞ்சினோடு மணிக்கு 75 கிலோமீட்டரைத் தாண்டாத வண்டி, 544-ஆம் எண் நெடுஞ்சாலையில் 90-ஐத் தொட்டதும் இருக்கைக்கு அடியிலிருந்து கடுமையாக அதிரத் தொடங்கியது. எஞ்சினை மாற்றித் தந்த பட்டறையில் மூன்று முறை சக்கரங்களைப் பேலன்ஸ் செய்தார்கள். இரண்டு டயர்களையும் கியர்பெட்டி மவுன்டிங் ரப்பரையும் மாற்றினார்கள். அதிர்வு அப்படியே இருந்தது. அதன் பிறகே வாளையாற்றுக்கும் பாலக்காட்டுக்கும் இடையில், கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கும் இந்தச் சிறிய பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன்.

பட்டறையை நடத்துபவரை அங்கே எல்லோரும் ஆசான் என்றே அழைக்கிறார்கள். எஞ்சின் மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொண்டார். ஆடி மாதத்தில் கணவாய்க் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் என்பதால், காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில் வரச் சொல்லி, தாமே ஓட்டிப் பார்த்தார். 90-இல் நான்காவது கியரிலும் ஐந்தாவது கியரிலும் அதிர்வு ஒரே மாதிரி இருந்தது. கிளட்சை மிதித்து நியூட்ரலில் ஓடவிட்டபோதும் தொடர்ந்தது. எஞ்சினின் வேகம் மாறியும் அதிர்வு மாறாததால், கோளாறு கியர்பெட்டிக்குப் பின்னால்தான் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. முந்தைய பட்டறையில் யாரும் இந்தச் சோதனையைச் செய்யவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்துச் செய்த கணக்குதான் என்னை மிகவும் கவர்ந்தது. டயரில் சாக்குக் கட்டியால் கோடு போட்டு வண்டியைத் தள்ளி, ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டர் நகர்கிறது என்று அளந்தார்கள். 90 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர். ஆகவே சக்கரம் நொடிக்கு 13 முறை சுற்றுகிறது. என் வண்டியின் பின் அச்சில் உள்ள டிஃபரென்ஷியலின் விகிதம் 4.55. அதாவது சக்கரம் ஒரு முறை சுற்றினால், கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் 4.55 முறை சுற்றும். ஆகவே ஷாஃப்ட் நொடிக்கு ஏறத்தாழ 60 முறை சுற்றும். சக்கரத்தில் குறை இருந்தால் நொடிக்கு 13 என்ற எண்ணிலும், ஷாஃப்டின் எடை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் 60-இலும், ஷாஃப்டின் இரு முனைகளிலும் வளைந்து சுழல இடம் தரும், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும் இயல்புடைய யுனிவர்சல் ஜாயின்ட்டில் கோணக்குறை இருந்தால் 120-இலும் அதிர்வு தெரிய வேண்டும். இருக்கைக்கு அடியில் காந்தத்தால் ஒட்டிவைத்த அளவுக்கருவியில் 13-இல் எதுவும் இல்லை. 60-இலும் 120-இலும் தெளிவாக எழும்பி நின்றது. என் டயர்கள் குற்றமற்றவை.

பிறகு, உடலைத் தூக்கினால் பின் அச்சு தொங்கிக் கோணம் பொய்யாகிவிடும் என்பதால், அச்சுக்குழாயின் கீழேயே ஸ்டாண்டு வைத்து, சாலையில் நிற்கும் உயரத்திலேயே கோணங்களை எடுத்தார்கள். கியர்பெட்டி பின்னோக்கி 5.5 டிகிரி தாழ்ந்திருந்தது, ஷாஃப்ட் 5 டிகிரி, ஷாஃப்டின் சுழற்சியை டிஃபரென்ஷியலுக்குள் வாங்கும் பல்சக்கரத் தண்டான பினியன் வெறும் 1 டிகிரி. அதாவது முன் ஜாயின்ட்டில் அரை டிகிரியும் பின் ஜாயின்ட்டில் 4 டிகிரியும் வளைவு. இரண்டு வளைவுகளும் சமமாக இருந்தால்தான் முன் ஜாயின்ட் உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தைப் பின் ஜாயின்ட் நேராக்கும். இங்கே அதற்கு வழியே இல்லை. கியர்பெட்டிக்காகப் புதிதாகச் செய்த குறுக்குச் சட்டத்தைத் தாழ்வாக அமைத்ததே காரணம். முன் ஜாயின்ட்டின் நடுவில் இருக்கும் சிலுவை வடிவப் பாகமான கிராஸைக் கழற்றியபோது, வளைவு போதாமல் ஊசி பேரிங்குகள் உருளாமலே இருந்து கிராஸின் தண்டில் வரிவரியாகக் குழி போட்டிருந்ததையும் காட்டினார்கள்.

குறுக்குச் சட்டத்தின் மேல் 25 மில்லிமீட்டர் தகடு வைத்துக் கியர்பெட்டியின் பின்முனையை உயர்த்தினார்கள். பினியனின் சாய்வைக் கூட்ட, பின் பக்கக் கமான் பட்டைக்கும் (லீஃப் ஸ்பிரிங்) அச்சுக்கும் இடையில் 2.5 டிகிரி ஆப்பு வைத்தார்கள். இப்போது கியர்பெட்டி 4, பினியன் 3.5. அந்த அரை டிகிரியை ஏன் விட்டார்கள் என்று கேட்டேன். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கமான் பட்டை முறுகிப் பினியனின் மூக்கு மேலே எழும்பும், அதற்கு இடம் வேண்டும் என்றார் ஆசான். எஞ்சின் மாற்றத்தின்போது வெட்டிக் குறுக்கி வெல்டு செய்த ஷாஃப்டைப் பேலன்ஸ் செய்யாமலே பூட்டியிருந்ததால், அதைக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். பம்பும் மோட்டாரும் செய்யும் ஊர் என்பதால் சுழலும் தண்டுகளைப் பேலன்ஸ் செய்யும் இயந்திரங்களுக்கு அங்கே பஞ்சமில்லை.

எல்லாம் சேர்த்து 11,400 ரூபாய் ஆயிற்று. புதிய கிராஸ், ஷாஃப்ட் வேலை, கூலி எல்லாம் இதில் அடக்கம். தேவையில்லாமல் ஒரு பாகம்கூட மாற்றவில்லை. குறைகளும் உண்டு. இரண்டு நாள் என்று சொன்ன வேலை ஆறு நாள் இழுத்தது. தொலைபேசியை எடுப்பதே இல்லை. எடுத்த கோணங்களை எழுத்தில் தரும் வழக்கமும் அங்கே இல்லை, நானே பில்லின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன். இத்தனை நுட்பமாக அளப்பவர்கள் அதைத் தாளில் எழுதித் தந்தால், அடுத்து வண்டியைத் தொடுபவருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்போது 90-இல் இருக்கை அமைதியாக இருக்கிறது. 100-க்கு மேல் டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரங்களின் மெல்லிய முனகல் மட்டும் கேட்கிறது. ஆப்பு வைத்த இடத்தில் அச்சையும் கமான் பட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் யு போல்ட்டுகள் தளரும் என்பதால் 500 கிலோமீட்டர் ஓடியதும் முடுக்கிக்கொள்ள வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குக் கூலி கிடையாது. அடுத்த வாரம் போகிறேன்.