ஒயரிங் வேலைக்காரன் போன மைக்ரோகன்ட்ரோலர் வகுப்பு

வீட்டு ஒயரிங், மோட்டார் ஸ்டார்ட்டர் வேலை பார்ப்பவன் நான். மேல்தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்க வேண்டும் என்று கேட்காத வீடு இப்போது குறைவு. கடையில் விற்கும் கன்ட்ரோலரை வாங்கி மாட்டிக்கொண்டே இருந்தால் போதுமா, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டாமா? அதற்காகத்தான் சென்னையில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஆர்வலர் கிளப் நடத்திய அறிமுக வகுப்புக்குப் போனேன். சனிக்கிழமை மாலை மூன்று மணி நேரம், கட்டணம் 300 ரூபாய். தாராளமாகக் கொடுக்கலாம்.

இரண்டு பேருக்கு ஒரு ஆர்டுயினோ ஊனோ போர்டு. மைக்ரோகன்ட்ரோலர் என்கிற, புரோகிராம் ஏற்றி ஓட்டும் குட்டிக் கம்ப்யூட்டர் சிப் பொருத்திய போர்டு அது. என் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக் மாணவர். அவர் டைப் அடித்தார், பற்றவைக்காமல் ஒயர்களை இணைக்கும் துளைப் பலகையான பிரெட்போர்டில் நான் ஒயர் சொருகினேன். போர்டின் இணைப்பு முனைகளில் ஒன்றான 13ஆம் பின்னில் எல்இடி மினுக்கும் புரோகிராம் சீக்கிரமே ஓடிவிட்டது. எந்த வகுப்பிலும் அதைக் காட்டுவார்கள்.

இந்த வகுப்பு உயர்ந்து நின்றது அடுத்த பாடத்தில். ஒரு பின்னை இன்புட் என்று அறிவித்துவிட்டு, அதில் எதையும் இணைக்காமல் ஒரு ஒயரை மட்டும் தொங்கவிடச் சொன்னார் சொல்லிக்கொடுத்த தம்பி. "அண்ணே, கையை ஒயர்கிட்ட கொண்டு போங்க" என்றார். திரையில் பூஜ்யமும் ஒன்றும் தாறுமாறாக மாறி மாறி ஓடின. எனக்கு உடனே விளங்கியது. துண்டித்த ஒயருக்குப் பக்கத்தில் ஃபேஸ் ஒயர் ஓடினால் டிஜிட்டல் மீட்டர் 40, 50 வோல்ட் காட்டுமே, அதே சங்கதிதான். பின்னுக்குள் கரன்ட் ஏறக்குறைய போவதே இல்லை என்பதால் காற்றில் வரும் தூண்டலே அதற்குப் போதும். தீர்வு புல்லப் ரெசிஸ்டர், அதாவது பட்டன் அமுக்காதபோது பின்னை ஐந்து வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர். சிப்புக்குள்ளேயே 20 முதல் 50 கிலோ ஓம் வரை ஒன்று இருக்கிறது, புரோகிராமில் ஒரு சொல்லை மாற்றினால் வேலைக்கு வந்துவிடும். அப்புறம் பின்னைக் கிரவுண்டோடு சேர்க்கும் பட்டனை அமுக்கினால் பூஜ்யம், விட்டால் ஒன்று. இந்த ஒரு விஷயத்துக்கே முக்கால் மணி நேரம் ஒதுக்கினார்கள். மிகச் சரியான முடிவு. தொட்டியில் வைக்கும் ஃப்ளோட் சுவிட்சும் ஒரு பட்டன்தானே.

குறை ஒன்று உண்டு, பெரிய குறை. கடைசியில், சின்ன கரன்டால் இயங்கும் சுவிட்சான ரிலே உள்ள போர்டு வழியாக 230 வோல்ட் பல்பு எரித்துக் காட்டினார்கள். டெர்மினல்கள் திறந்தபடி மேசையில் கிடந்தன, பக்கத்திலேயே தண்ணீர் பாட்டில்கள். ஐந்து வோல்ட்டில் விளையாடிப் பழகிய பிள்ளைகளின் கை பயமில்லாமல் அங்கேயும் போகும். மூடிய பெட்டிக்குள் வைத்துத்தான் காட்ட வேண்டும், சப்ளைக்கு, கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும். "இதே ரிலேயில் மோட்டாரையும் ஓட்டலாம்" என்று போகிறபோக்கில் சொன்னதும் தவறு. ரிலேயில் 10 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும், ஒரு ஹெச்பி மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரன்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அந்தச் சூட்டில் ரிலேக்குள் தொட்டுப் பிரியும் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் தொட்டி நிரம்பினாலும் மோட்டார் நிற்காது. ரிலே, மோட்டார் போன்ற பெரிய லோடைத் தாங்கும் சுவிட்சான கான்டாக்டரின் காயிலை இயக்கட்டும், மோட்டாரைக் கான்டாக்டர் பார்த்துக்கொள்ளும்.

வகுப்பு முடிந்ததும் இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் சொன்னேன். முகம் சுளிக்காமல் குறித்துக்கொண்டு, அடுத்த வகுப்பில் அந்தப் பகுதியை என்னையே செய்துகாட்டச் சொன்னார். பெட்டி, கான்டாக்டர், மோட்டார் அதிக கரன்ட் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோடு ரிலே எல்லாம் கொண்டுபோகிறேன். போகிறவர்கள் லேப்டாப்போடு டேட்டா போகிற யுஎஸ்பி ஒயரையும் எடுத்துப் போங்கள். சார்ஜ் மட்டும் ஏறும் ஒயரில் புரோகிராம் ஏறாது.