"டக்"குன்னு ஒரு சத்தம், அதுக்கு ஒம்பதாயிரத்து சொச்சம்: என் பழைய பெட்ரோல் வண்டியும் நானும்

போன வாரம் மச்சான் போன் பண்ணி, "மாமா, நீங்க வெச்சிருக்கற அதே மாடல், 2013 வண்டி ஒன்னு ஆத்தூர்ல வருது, சிங்கிள் ஓனர், எடுக்கலாமா?"ன்னு கேட்டான். கேட்ட நேரம் பாருங்க, அன்னைக்கு சாயங்காலம்தான் ஆறு மாச தலைவலி ஒன்னு தீந்து வண்டிய வீட்டுக்கு கொண்டாந்து நிறுத்திருந்தேன். அவன்கிட்ட ஒரு மணி நேரம் பொலம்புனதத்தான் இங்க எழுதறேன்.

கம்பெனி பேரு சொல்லல, யாரையும் இழுக்க வேணாம். சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக், 2012 மாடல், 2018ல செகண்ட்ல எடுத்தேன், இப்ப ஒரு லட்சத்து பன்னெண்டாயிரம் ஓடிருக்கு. மைலேஜ் என்ன, டிக்கி எவ்ளோ பெருசுன்னெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச கததான், அத விடுங்க. ஒன்னே ஒன்னு சொல்றேன், ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவும் அஞ்சு பேர ஏத்திகிட்டு, ஏசிய மட்டும் ஆஃப் பண்ணிட்டா, செகண்ட் கியர்லயே மொனகாம ஏறும், ஏழு வருசத்துல ஒரு தடவ கூட நடு மலைல சூடாகி நின்னதில்ல. இந்த ஒரு விசயத்துக்காகவே நான் இத கோயில் மாடு மாதிரி வெச்சிருந்தேன்.

அப்படி இருந்த வண்டி போன டிசம்பர்ல ஏற்காட்டுல வெச்சு காலவாரி விட்டுச்சு. நைட் தங்கிட்டு காலைல ஏழு மணிக்கு கெளம்பலாம்னு சாவிய திருப்பறேன், பனின்னா பனி, ஏரியே தெரியல. "டக்". அவ்ளோதான். மறுபடி திருப்பறேன், மறுபடி "டக்". டேஷ்போர்டு லைட்டெல்லாம் ஜம்முனு எரியுது, ஹாரன் அடிச்சா பக்கத்து ரூம்காரர் எந்திரிச்சு வந்து பாக்கறாரு, செல்ஃப் மட்டும் எடுக்கல. உள்ளூர் டாக்ஸி அண்ணன் ஒருத்தர் அவரு வண்டி பேட்டரில இருந்து கரண்ட் குடுக்க ஜம்பர் கேபிள் கொண்டாந்து, செவப்ப என் பேட்டரி ப்ளஸ்ல, கறுப்ப இன்ஜின்ல ஒரு போல்ட்ல மாட்டுனாரு. திருப்புன உடனே ஸ்டார்ட். "பேட்டரி போச்சுங்க, குளுருக்கு தாங்கல, கீழ போனதும் மாத்திருங்க"ன்னாரு. அவர் மேல தப்பே இல்ல, யாரா இருந்தாலும் அதத்தான் சொல்லுவாங்க. கறுப்பு கேபிள அவர் எங்க மாட்டுனாருங்கறத மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வருது.

கீழ சேலம் அஞ்சு ரோட்டுகிட்ட புது பேட்டரி போட்டேன், 4,600 ரூபா. மூனு வாரம் தங்கமா ஓடுச்சு. பொங்கல் முடிஞ்ச மறுநாள் அஸ்தம்பட்டில காய்கறி வாங்கிட்டு வந்து உக்காந்தா, "டக்". பக்கத்து கடைக்காரரு அவரு வண்டில இருந்து கேபிள் போட்டாரு, ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ், மைனஸுக்கு மைனஸ், என் பேட்டரி மைனஸ்லயே மாட்டுனாரு. எடுக்கல. "கேபிள் மட்டமான கேபிள்"னு அவரே அவர திட்டிகிட்டாரு பாவம். தள்ளுனோம், செகண்ட் கியர்ல போட்டு கிளச்ச விட்டா உடனே புடிச்சுகிச்சு. தள்ளுனா ஸ்டார்ட் ஆகுது, பேட்டரி புதுசு, அப்ப செல்ஃப் மோட்டர்தான்னு மெக்கானிக் முடிவு பண்ணாரு, நானும் தலையாட்டுனேன். கழட்டி கார்பன் பிரஷ், சொலினாய்டு (செல்ஃப் மோட்டருக்கு கரண்ட்ட தெறந்து விடற சுவிட்ச்) எல்லாம் மாத்தி 2,700. நாப்பது நாள் பிரச்சன இல்ல. நானும் சரியாயிருச்சுன்னு நம்பிட்டேன்.

மார்ச்ல மறுபடி. இந்த தடவ கம்பெனி சர்வீஸ் சென்டர். லேப்டாப்ப மாட்டி பாத்துட்டு "எரர் எதுவும் இல்ல சார்"னாங்க. இருக்காது சார், துரு புடிச்ச போல்டுக்கு ஏது எரர் கோடு? இக்னிஷன் சுவிட்ச் 1,350க்கு மாத்துனாங்க. அதுக்கும் அடங்கலன்னா வயரிங் மொத்தமும் மாத்தணும், இருபத்தி மூனாயிரம் ஆகும்னாங்க, நான் கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன். ஏப்ரல்ல கிளச் கல்லு மாதிரி ஆயிருச்சு, கேபிள் 900. இது வேற பிரச்சனன்னு நெனச்சேன். இல்ல. அதுவும் இதேதான்.

மே மாசம் கோடை விழா கூட்டத்துல ஏரி பக்கம் நிறுத்திட்டு வந்தா "டக்". பின்னாடி நாலு வண்டி ஹாரன், வீட்டுக்காரி மொறைக்கறா, மாமியார் "இத வித்துருங்க மாப்ள"ங்கறாங்க. அன்னைக்கு மட்டும் யாராவது ஐம்பதாயிரம் நீட்டிருந்தா சாவிய குடுத்துட்டு பஸ் ஏறிருப்பேன், சத்தியமா. அன்னைல இருந்து எங்க போனாலும் மூக்கு பள்ளத்த பாத்த மாதிரிதான் நிறுத்தறது. எறக்கத்துல உருட்டி ஸ்டார்ட் பண்றவங்களுக்கு ஒன்னு சொல்லிக்கறேன், சாவி ஆன்ல இருக்கணும், இல்லன்னா ஸ்டீரிங் லாக் ஆயிரும், அதோட இன்ஜின் ஓடலன்னா பிரேக் ரெண்டு மூனு மிதிக்குதான் லேசா இருக்கும், அப்பறம் கல்லு. பத்தடி எறக்கத்துல பண்ணுங்க, கொண்டை ஊசில பண்ணாதீங்க.

தீத்து வெச்சவரு செவ்வாப்பேட்டைல ஒரு எலக்ட்ரீசியன் அண்ணன். கடைன்னு சொல்லவே முடியாது, ஒரு தகர ஷெட்டு, ஒரு ஸ்டூலு. மொதல்ல கதைய முழுசா கேட்டாரு, நடுவுல ஒரு வார்த்த பேசல. "சுத்துது ஆனா ஸ்டார்ட் ஆகலையா, இல்ல சுத்தவே இல்லையா?"ன்னார். இந்த ஒரு கேள்விய ஆறு மாசத்துல வேற யாரும் கேக்கல. செல்ஃப் நல்லா சுத்தி ஸ்டார்ட் ஆகலன்னா பெட்ரோல், பிளக், சென்சார்னு அது வேற ரூட்டு. சுத்தவே இல்லன்னாதான் பேட்டரி, செல்ஃப், நடுவுல இருக்கற வயருங்க. "கடகடகட"ன்னு வேகமா அடிச்சா பெரும்பாலும் பேட்டரி எறங்கிருக்கு. ஒரே ஒரு "டக்"குன்னா சொலினாய்டு வேல செய்யுது, ஆனா மோட்டருக்கு போதுமான கரண்ட் போகல, இல்ல மோட்டரே போச்சு. ஒரு சத்தமும் இல்லன்னா ரிலே, ஃப்யூஸ், சாவி சுவிட்ச், புது வண்டிங்கள்ல கிளச் மிதிச்சாதான் எடுக்கற சுவிட்ச், இம்மொபிலைசர் (வேற சாவி போட்டா ஸ்டார்ட் ஆக விடாத திருட்டு லாக்) லைட்டு மின்னுதா, இப்படி போகணும்.

அப்பறம் ஹெட்லைட்ட போட சொல்லிட்டு சாவிய திருப்ப சொன்னாரு. லைட்டு அசையவே இல்ல, அப்படியே பளிச்சுனு நின்னுச்சு. மீட்டர் வெச்சாரு, சும்மா இருக்கறப்ப 12.5 வோல்ட், திருப்பறப்ப 12.2. நான் "பேட்டரி சூப்பரா இருக்குல்லண்ணா"ன்னு பெருமையா சொன்னேன். சிரிச்சாரு. நல்ல பேட்டரி கூட செல்ஃப் இழுக்கறப்ப பத்து, பத்தரைக்கு எறங்கும், 9.6க்கு கீழ போனாதான் பேட்டரிய சந்தேகப்படணும், இது எறங்கவே இல்லன்னா செல்ஃப் இழுக்கவே இல்லன்னு அர்த்தம். எனக்கு தலைல யாரோ தண்ணி ஊத்துன மாதிரி இருந்துச்சு. பேட்டரி கெட்டுச்சான்னே பாத்துகிட்டு இருந்தேன், அது எறங்காததுதான் துப்புன்னு தோணல.

அடுத்து மீட்டர் ஒரு முனைய பேட்டரி மைனஸ்லயும் இன்னொன்ன இன்ஜின் மேலயும் வெச்சுட்டு திருப்ப சொன்னாரு. ரெண்டும் ஒரே எர்த்தா, அதாவது கரண்ட் பேட்டரிக்கு திரும்பி வர்ற ஒரே வழியா இருக்கணும், அரை வோல்ட்டு கூட காட்டக்கூடாது. ஏழு வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு. பேசாம ஒரே ஒரு ஜம்பர் கேபிள் எடுத்து, என் பேட்டரி மைனஸ்ல இருந்து இன்ஜினுக்கு மாட்டுனாரு. வேற வண்டி இல்ல, வேற பேட்டரி இல்ல. திருப்புனேன், சல்லுனு எடுத்துச்சு.

விசயம் இதுதான். இந்த வண்டில பேட்டரி மைனஸ் பாடிக்கு போகுது, பாடில இருந்து கியர்பாக்ஸுக்கு தனியா ஒரு பின்னல் எர்த் பட்டை. அது பாடில மாட்டற எடம் சரியா பேட்டரி ட்ரேக்கு அடில. பழைய பேட்டரி ஆசிட் வருசக்கணக்கா சொட்டி போல்டும் பட்டையும் பச்ச புடிச்சு அரிச்சு கெடக்கு. லைட்டுக்கும் ஹாரனுக்கும் பாடி எர்த்தே போதும், அதனால அதெல்லாம் ஜோரா இருக்கு. செல்ஃப் நூறு ஆம்பியருக்கு மேல கேக்கும், அதுக்கு வழி இல்ல. டாக்ஸி அண்ணன் கறுப்ப இன்ஜின்ல மாட்டுனப்ப அந்த அரிச்ச பட்டைய தாண்டி கரண்ட் போச்சு, அதான் எடுத்துச்சு. கடைக்காரரு பேட்டரி மைனஸ்ல மாட்டுனாரு, எடுக்கல. அவரு கேபிள் நல்ல கேபிள்தாங்க, நேர்ல போய் சொல்லணும். பேட்டரி மாத்துனப்ப, செல்ஃப் கழட்டுனப்ப எல்லாம் அந்த பட்டை கொஞ்சம் அசைஞ்சு கொஞ்ச நாளைக்கு ஒட்டிகிச்சு, நாங்க மாத்துன சாமானுக்கு பேரு வாங்கி குடுத்துச்சு.

கிளச் கேபிளா? இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல வேற எது இரும்பு இருக்கோ அது வழியா கரண்ட் ஓடப்பாக்கும். எங்க வண்டில அது கிளச் கேபிள். உள்ள சூடாகி பிளாஸ்டிக் இளகி ஒட்டி இறுகிப்போச்சு. பழைய கேபிள் டிக்கில கெடந்துச்சு, அவரே அறுத்து காட்டுனாரு. எனக்கு கோவம் போயி ஒரு மாதிரி சந்தோசமே வந்துருச்சு, துப்பறியும் கதைல கடைசி பக்கம் படிச்ச மாதிரி.

புது பட்டை 220, கூலி 200. பெயிண்ட சொரண்டி, உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, மாட்டி மேல கிரீஸ் தடவுனாரு. முன்னாடி தொலைச்சது பேட்டரியோட சேத்து 9,550. ஐநூறு ரூபா குடுத்தேன், மிச்சம் வேணாம்னேன், கணக்கா எம்பது ரூபாய எண்ணி கைல வெச்சாரு.

நியாயமா பாத்தா வண்டிய எவ்ளோ திட்டறது? டெர்மினல்ல வெள்ளையா பூத்து கெடந்தத ரெண்டு வருசமா நானும்தான் பாத்தேன், ஒரு சொம்பு வெந்நி ஊத்தி கழுவல. ஆனா எர்த் பட்டைய ஆசிட் சொட்டற எடத்துக்கு நேர் கீழ வெச்சவன யாரு திட்டறது? நாலு இஞ்சு தள்ளி எடம் சும்மாதான் இருக்கு, நானே பாத்தேன். அத நெனச்சா இப்பவும் வயிறு எரியுது.

மச்சான்கிட்ட வண்டி தங்கம், மல ஏறுறதுல இந்த வெலைக்கு இத அடிச்சுக்க ஆளில்லன்னு அர மணி நேரம் பேசிட்டு, கடைசில "எடுக்காத"ன்னு சொல்லிட்டேன். "என்ன மாமா, இவ்ளோ நேரம் நல்லா இருக்குன்னீங்க?" நல்லாத்தான் இருக்கு, நீ எடுக்காத. "அப்ப உங்க வண்டிய குடுக்கறீங்களா?"ன்னான். போன வெச்சுட்டேன்.

நேத்து மெளகு வாங்க ஏற்காடு போனேன். போற வழில மூனு எடத்துல சும்மாவே ஆஃப் பண்ணி சாவிய திருப்பி பாத்தேன், மூனு தடவயும் எடுத்துச்சு. இருந்தாலும் ஏரிகிட்ட மூக்க பள்ளத்த பாக்கத்தான் நிறுத்துனேன்.