டிஸ்க்கை மாற்றும் முன் கேபிளைப் பாருங்கள்: 2012 மேக்புக் ப்ரோ 13 அங்குலம்

ரேமையும் ஹார்ட் டிஸ்க்கையும் நாமே மாற்றிக்கொள்ளும்படி வந்த கடைசி மேக்புக் ப்ரோ தலைமுறை இது. 2012 ஜூனில் வந்த இதை ஆப்பிள் 2016 அக்டோபர் வரை விற்றது. பழைய லேப்டாப் கடைகளில் இன்னும் கிடைப்பதற்கு அதுவே காரணம். அடியில் ஏ1278 என்று இருப்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். 2008 இறுதியில் வந்த அலுமினிய மேக்புக்குக்கும் அதே எண்தான். மெஷினின் விவரங்களைக் காட்டும் சிஸ்டம் ரிப்போர்ட்டில் 'மேக்புக்ப்ரோ9,2' என்று வர வேண்டும்.

இந்த மாடலின் பெரிய பலவீனம் டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கும் பட்டைக் கேபிள். அது அலுமினிய உடல்மீது நேராகப் படிந்து, மடங்கிச் செல்கிறது. சூட்டிலும் உரசலிலும் மேலுறை தேய்ந்து, உள்ளே உள்ள இழைகள் விரிசல் விடுகின்றன. ஆன் செய்தால் கேள்விக்குறியுடன் ஃபோல்டர் மின்னும். அல்லது வண்ணச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓஎஸ் இன்ஸ்டால் பாதியில் நிற்கும். டிஸ்க் போய்விட்டதென்று நினைத்துப் புது எஸ்எஸ்டி போடுபவர்கள் ஏராளம். எஸ்எஸ்டி வேகமானது என்பதால், பழைய டிஸ்க்கோடு ஒப்பேற்றிக்கொண்டிருந்த கேபிள் அப்போதுதான் முழுதாகக் கைவிடும்.

சோதிப்பது சுலபம். டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி உறையில் போட்டு, ஆப்ஷன் விசையை அழுத்தியபடி ஆன் செய்து அதிலிருந்து பூட் செய்யுங்கள். வெளியே ஒழுங்காக ஓடி உள்ளே திணறினால் பழுது கேபிளில்தான். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில், 199ஆம் எண்ணின் சிஆர்சி பிழைக் கணக்கு (தரவு கடத்தலில் நேரும் பிழைகளின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போவதும் இதே அடையாளம்.

மாற்ற, அடித்தகட்டின் 10 திருகுகளை 00 அளவு ஸ்டார் (பிலிப்ஸ்) ஸ்க்ரூடிரைவரால் கழற்றுங்கள். அவற்றில் 3 நீளமானவை. எது எந்தத் துளை என்று படமெடுத்து வைப்பது நல்லது. முதலில் பேட்டரி இணைப்பை விடுவிக்க வேண்டும், இதில் அவசரமே கூடாது. 2012க்கான கேபிளையே கேட்டு வாங்குங்கள்; முந்தைய ஆண்டுகளுடையதும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். புதியதைப் பதிக்கும் முன் அது படியும் அலுமினியத்தில் ஒரு அடுக்கு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். வளைவில் விரலால் அழுத்தி மடிக்காதீர்கள். டேப் ஒட்டாமல் மாட்டினால் புதுக் கேபிளும் அதே இடத்தில்தான் தேயும்.

ரேம் விஷயத்தில் இந்த மெஷின் தாராளம். அதிகாரப்பூர்வ வரம்பு 8 ஜிபி என்றாலும், இரண்டு 8 ஜிபி டிடிஆர்3எல் 1600 துண்டுகள் போட்டால் 16 ஜிபி ஒழுங்காக ஓடும். 5 நொடிக்கு ஒருமுறை ஒற்றை பீப் வந்தால் ரேமே தெரியவில்லை என்று பொருள். இடைவெளி விட்டு மூன்று மூன்றாக வந்தால் துண்டில் கோளாறு. ஒவ்வொன்றாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

டிராக்பேட் கிளிக் இறுகினால் டிராக்பேடைக் குறை சொல்வதற்குமுன் அதன் அடியிலுள்ள பேட்டரியைப் பாருங்கள். உப்பியிருந்தால் உடனே கழற்றிவிடுங்கள், குத்தவோ அழுத்தவோ கூடாது. இதன் ஏ1322 பேட்டரியைப் பிடித்திருப்பவை, தலையில் மூன்று இதழ் வடிவப் பள்ளம் உள்ள திருகுகள். அதற்குத் தனி முனை தேவை. பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஓட்டினால் பிராசஸர் வேகம் வெகுவாகக் குறைக்கப்படும். அந்த மந்தத்துக்காக மதர்போர்டைச் சந்தேகிக்க வேண்டாம்.

கழற்றி மாட்டியபின் ஃபேன் முழு வேகத்தில் இரைந்து, 'கெர்னல் டாஸ்க்' என்ற ஓஎஸ்ஸின் உள்வேலை சிபியூவை விழுங்கினால், ஏதோ சென்சாரின் இணைப்பு சரியாக அமரவில்லை. இணைப்புகளை மீண்டும் அழுத்திவிட்டு எஸ்எம்சி (ஃபேன், பேட்டரி போன்றவற்றைக் கவனிக்கும் சில்லு) ரீசெட் செய்யுங்கள்: சார்ஜர் மாட்டிய நிலையில், இடப்பக்க ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆப்ஷன் மூன்றோடு பவர் பட்டனையும் சேர்த்து 10 நொடி.

கீபோர்டு பழுதான மெஷினை மட்டும் வாங்காதீர்கள். மதர்போர்டு உட்பட எல்லாவற்றையும் வெளியே எடுத்து, டஜன் கணக்கில் பொடித் திருகுகளைக் கழற்ற வேண்டும். கேபிள் கெட்டு 'டிஸ்க் இல்லை' என்று குறைந்த விலைக்கு வருவதைத் தயங்காமல் எடுக்கலாம். விலை பேசுமுன் ஒவ்வொரு விசையையும் தட்டிப் பாருங்கள்.