ஆறாத கால் புண்ணில் தொற்று: வெள்ளியா, தேனா, அயோடினா?

வெரிகோஸ் வெயினால் வந்த கால் புண் (சிரை நோய்ப் புண்) மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்து, வலி கூடி, சீழும் நாற்றமும் சேர்ந்துவிட்டால் பலரும் முதலில் தேடுவது வெள்ளி கலந்த டிரெஸ்ஸிங்கைத்தான். வெள்ளி பல வகைக் கிருமிகளைக் கொல்லும், சரி. ஆனால் புண் சீக்கிரம் ஆறுமா? 2009-இல் வெளியான பிரிட்டனின் வல்கன் ஆய்வில் 213 பேர். எல்லோருக்கும் காலை இறுக்கிச் சுற்றும் அழுத்தக் கட்டு, ஒரு பாதிப் பேருக்கு உள்ளே வெள்ளி, மறுபாதிக்குச் சாதாரண ஒட்டாத டிரெஸ்ஸிங். 12 வாரத்தில் ஆறியதில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை, செலவுதான் கூடியது. ஆனால் அதில் தொற்று உள்ளவர்களை மட்டும் பொறுக்கி எடுக்கவில்லை. அதனால் நான் புரிந்துகொள்வது இதுதான்: தொற்று இல்லாத புண்ணுக்கு வெள்ளி வீண் செலவு, தொற்று தெரிந்தால் இரண்டு வாரம் வைத்துப் பார்க்கலாம், அப்புறமும் மாற்றமில்லை என்றால் அதையே தொடரக் கூடாது.

தேன் மேல் நம் ஆட்களுக்குத் தனிப் பாசம். நியூசிலாந்தில் 368 பேரிடம் மனுகா தேன் (மனுகா என்ற செடியின் பூவிலிருந்து கிடைப்பது) டிரெஸ்ஸிங்கை வைத்துப் பார்த்தார்கள் (2008). 12 வாரத்தில் தேன் வைத்தவர்களில் 55.6 சதவீதம் பேருக்கு ஆறியது, மற்றவர்களில் 49.7. தற்செயலாகவே வரக்கூடிய இடைவெளி அது. வலி என்று சொன்னவர்களோ தேன் பக்கம்தான் அதிகம். சமையலறைத் தேனைப் புண்ணில் தடவவே தடவாதீர்கள், அது கிருமி நீக்கப்பட்டதல்ல.

நீர் நிறைய வடியும் தொற்றுப் புண்ணுக்கு என்னைக் கேட்டால் கேடெக்ஸோமர் அயோடின்தான். பழுப்பு நிறக் குருணைகள் நீரை உறிஞ்சிக்கொண்டே அயோடினை மெதுவாக விடுகின்றன. நிறம் வெளுத்தால் மருந்து தீர்ந்தது, மாற்ற வேண்டும் என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். சிரை நோய்ப் புண் ஆறுவதற்கு இது உதவுகிறது என்பதற்கு ஓரளவு ஆதாரமும் இருக்கிறது. ஆனால் தைராய்டு கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், குழந்தைகளுக்கு வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேல் தொடரவும் கூடாது.

எதை வைத்தாலும் சிரை நோய்ப் புண்ணை ஆற்றுவது மேலே போடும் அழுத்தக் கட்டுதான். அதற்கு முன் கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையோடு ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் விகிதம் 0.8-க்குக் கீழே இருந்து, டாக்டரைக் கேட்காமல் இறுக்கிக் கட்டினால் காலுக்கே ஆபத்து. சிவப்பு புண்ணைத் தாண்டிப் பரவுகிறதா, காய்ச்சல் வருகிறதா? டிரெஸ்ஸிங் மட்டும் போதாது, ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.